பாதரசத்துக்குப் பூட்டு போட முடியுமா?

கொடைக்கானல் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து:

தோழர்களே!

1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்து தெர்மாமீட்டர் ஆலை ஒன்றைப் பெயர்த்து நம்ம மலைக்குக் கொண்டுவந்தாங்க. வேலை கிடைக்குதேன்னு மக்கள் நம்பிப் போனாங்க.

2001-ல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர்கள் குவிந்து கிடந்ததை மக்கள்தான் வெளியே கொண்டுவந்தாங்க. அதே வருஷம் ஆலை மூடப்பட்டது.

ஆலையைப் பூட்டலாம். பாதரசத்தைப் பூட்ட முடியுமா? சாதாரண வெப்பத்திலேயே அது ஆவியாகும். மூச்சில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். மழைத்தண்ணியோட ஓடைக்குப் போனா மீனில் சேரும். அந்த மீனைச் சாப்பிடுற தாய் வழியா வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

15 வருஷப் போராட்டத்துக்குப் பிறகு, 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்காக நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. அது தொழிலாளர் ஒற்றுமையின் வெற்றி!

ஆனா மண்ணுக்கு என்ன நியாயம்? பிரிட்டனில் 2009-ல் குடியிருப்பு மண்ணுக்கு வைத்த வழிகாட்டு அளவு, கிலோவுக்கு 1 மில்லிகிராம் தனிமப் பாதரசம். இங்கே சுத்தம் செய்ய வைத்த அளவு 20 மில்லிகிராம்! அவங்க பிள்ளைக்கு ஒரு அளவு, நம்ம பிள்ளைக்கு ஒரு அளவா?

நாங்க கேட்பது மூணுதான்:

✊ மண்ணுக்கு அதே 1 மில்லிகிராம் அளவு.
✊ தொழிலாளர் குடும்பங்களுக்குத் தொடர் மருத்துவப் பரிசோதனை.
✊ பாம்பார் சோலை ஓடைகளின் நீரையும் மீனையும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும்.

இது சலுகை இல்லை தோழர்களே, உரிமை!