கடல் கடந்த எண்ணம்

2008 ஆம் ஆண்டு சனவரியில் வெளியான செய்தி இது. அமெரிக்காவிலே ஒரு குரங்கு நடந்தது. பசிபிக் சமுத்திரத்துக்கு அப்பால், யப்பானிலே, ஓர் இயந்திர மனிதன் கால் பெயர்த்தான்.

டியூக் பல்கலைக்கழகத்து அறிஞர் மிகேல் நிக்கோலெலிஸின் குழுவினர், இடோயா என்னும் குரங்கின் மூளையில், கால்களை ஆளும் பகுதியிலே, மயிரிழை போன்ற மின்வாய்களைப் பதித்தனர். நகரும் பட்டியில் அது நடந்தபொழுது நரம்புக்கலங்கள் எழுப்பிய மின்துடிப்புகளைக் கணினி கால் அசைவுகளாகப் பெயர்த்துக் கியோத்தோ நகருக்கு அனுப்பியது. மொழிபெயர்ப்பு வேலைதான்; ஆனால், குரங்குக்குக் குரங்கு அகராதி வேறு!

இயந்திரக் கால்களின் காட்சி குரங்கின் முன் திரையிலே தோன்றியது. பின்னர் பட்டியை நிறுத்தினார்கள். இடோயாவும் நின்றது. இயந்திரமோ ஏறத்தாழ 3 நிமிடம் தொடர்ந்து நடந்தது. போகும் ஆணையையே நாம் வியக்கின்றோம். திரும்பி வந்த காட்சியன்றோ அவ்வாணையை நெறிப்படுத்தியது!

இதன் பயன் யாது? 2011 இல், அமெரிக்காவிலே, கைகால் செயலிழந்த பெண்மணி ஒருவர் தம் எண்ணத்தால் இயந்திரக் கையொன்றை இயக்கிக் கோப்பி பருகினார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் பிறர் ஊட்டவே உண்டவர் அவர். இயந்திரக் கை அருகிலேதான் இருந்தது. ஆயினும், கடல் கடந்த நடையினும் இதுவே நெடும்பயணமென்பேன். குடுவையை மேசையில் வைத்தபின் அவர் புன்னகைத்தார்.