கிப்பர்: ஹால்ட் பஸ் போகும் ஊர்



நம் பக்கத்துக் கிராமங்களில் ஹால்ட் பஸ் என்று ஒன்று உண்டு. கடைசி நடையாக இருட்டிய பிறகு வந்து, ஊர் மந்தையிலேயே படுத்துக் கிடந்து, விடிந்ததும் முதல் நடையாகக் கிளம்பும். அப்படியொரு பஸ்ஸில்தான் நான் கிப்பருக்குப் போனேன். இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது இந்த ஊர். உயரம் ஏறத்தாழ 14,000 அடி. கொடைக்கானல் மேல் இன்னொரு கொடைக்கானலைத் தூக்கி வைத்த கணக்கு.

ஸ்பிதியின் பெரிய ஊரான காஸாவிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் பஸ் மூச்சு வாங்கி மூச்சு வாங்கித்தான் ஏறியது. நானும்தான். பஸ்ஸுக்குள் மைதா மூட்டை, கேஸ் சிலிண்டர், இரண்டு பிக்குகள், தூங்கி வழியும் ஒரு குழந்தை. வழியில் கீ மடாலயம் குன்றின் மேல் தேன்கூடு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது.

2011 கணக்கெடுப்பில் கிப்பரில் 77 வீடுகள், 366 பேர். நம்மூரில் ஒரு தெருவுக்குள் அடங்கிவிடுவார்கள். லாஹுல் ஸ்பிதி மாவட்டம் முழுக்கவே சதுர கிலோமீட்டருக்கு 2 பேர்தான். அதே கணக்கில் தமிழ்நாட்டுக்கு 555. ஆள் குறைவு என்றதும் பிழைக்கப் போய்விட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். இங்கே கதை வேறு. மழை கிட்டத்தட்ட இல்லாத குளிர்ப் பாலை இது. பனி உருகி வாய்க்காலில் வரும் தண்ணீர் எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் வயல். வயல் எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் வீடு. அதனால் நிலத்தைத் துண்டு போடாமல் மூத்த மகனுக்கே விட்டார்கள். அவன் தலையெடுத்ததும் பெற்றவர்கள் ‘காங்சென்’ என்ற பெரிய வீட்டை அவனிடம் விட்டுவிட்டு ‘காங்சுங்’ என்ற சின்ன வீட்டுக்கு மாறிவிடுவார்கள். தம்பிகள் பலர் மடாலயத்துக்குப் போனார்கள். கடுமையான ஏற்பாடுதான், தம்பியாகப் பிறந்தவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

ரோடு இல்லாத நாளிலும் இவர்கள் அடைந்து கிடக்கவில்லை. பராங் லா கணவாயைத் தாண்டிக் குதிரைகளை லடாக்குக்கு ஓட்டிப் போய், பதிலுக்கு யாக் என்னும் சடைமாடுகளைப் பிடித்து வந்தார்கள். நம் கோயில்களில் வீசும் வெண்சாமரம் இந்த யாக்கின் வால் மயிர்தான்.

ரோடு வந்தபின் வயல் மாறியது. பார்லியும் கறுப்புப் பட்டாணியும் விளைந்த இடத்தில், 1980களிலிருந்து பச்சைப் பட்டாணி. சமவெளியில் பட்டாணி கிடைக்காத கோடை முடிவில் இங்கே காய்க்கிறது. அதனால் நல்ல விலை. லாரி வராத ஊரில் பச்சைப் பட்டாணி போட முடியுமா? மூன்றாம் நாளே வாடிவிடும்.

மோட்டார் வண்டி போகும் மிக உயரமான கிராமம் என்ற பட்டம் வெகுநாள் கிப்பரிடம் இருந்தது. இப்போது பக்கத்துக் கிராமமான கோமிக் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. எனக்கு அந்தப் போட்டியைவிடப் பெரிதாகப் பட்டது சிச்சம் பாலம். சிச்சம் என்ற ஊர் கிப்பருக்கு எதிரே, கூப்பிட்டால் கேட்கும் போலத் தெரிகிறது. நடுவில் தலை சுற்றும் பள்ளம். முன்பெல்லாம் கம்பியில் தொங்கும் தொட்டியில் உட்கார்ந்து, கயிற்றைக் கையால் இழுத்து இழுத்துக் கடந்தார்கள். மூட்டையும் அதில்தான், நோயாளியும் அதில்தான். 2017-இல்தான் பாலம் திறந்தது. நான் நடுவரை நடந்து, ஒருமுறை குனிந்து பார்த்து, பிறகு கைப்பிடியை விடவே இல்லை. எதிரே வந்த பள்ளிப் பையன் ஓடியே கடந்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். எல்லோரும் வந்தாயிற்று என்றுதான் நினைத்தேன். டிரைவர் எஞ்சினை ஓடவிட்டபடி சும்மா இருந்தார். மேட்டுத் தெருவிலிருந்து ஒரு பாட்டி, பால் கேனைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக இறங்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை.