பின்சுவரையும் எடுங்கள்



மட்டக்களப்பு மாவட்டத்தில் கிரானிலும் சித்தாண்டியிலும் அவற்றைச் சுற்றிய ஊர்களிலும் கோயில்களுக்குத் திருப்பணி நடக்கும்போது பழைய கட்டடம் போய்க் கொங்கிறீற்றுக் கட்டடம் வருகிறது. அதில் எனக்குக் குறையில்லை. கும்பிடுகிற சனத்துக்கு நிழல் வேண்டும். ஆனால் இடித்த மண்டபம் எப்படி இருந்ததென்று கேட்டால், யாரோ ஒருவரின் கலியாண அல்பத்தில் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் தெரிகிற அரைத் தூண்தான் சாட்சி.

படங்களை வைத்துக் கட்டடத்தை முப்பரிமாணத்தில் எழுப்புகிற கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஒரு தூணை இரண்டு இடத்தில் நின்று படம் எடுத்தால், பின்னாலுள்ள சுவரோடு ஒப்பிடுகையில் அது இரண்டிலும் சற்று விலகித் தெரியும். அந்த விலகலில் இருந்து தூரத்தைக் கணக்கிடலாம். இப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் படத்துக்குப் படம் பொருத்தி, கணினி ஒரு புள்ளித்திரளை உண்டாக்கி, அதன்மேல் சுவரையும் கூரையையும் போர்த்துகிறது.

கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த எண்ணம் வந்துவிட்டது. 1858இல் ஜேர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்க உயரத்தில் ஏறிய ஆல்பிரெக்ட் மைடன்பவுவர் என்ற இளம் கட்டடக்கலைஞர் விழப்பார்த்துத் தப்பினார். ஏறி அளப்பதற்குப் பதிலாகப் படத்திலேயே அளந்தால் என்ன என்று யோசித்தார். 1885இல் இதற்கென்றே பெர்லினில் ஒரு அரச நிறுவனம் அவர் தலைமையில் தொடங்கியது. அங்கே சேர்ந்த கண்ணாடித் தகடுகள் சுமார் 20,000. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, குண்டு விழுந்த கட்டடங்களைத் திருத்த அவை உதவின.

இந்தக் கலைக்கு வந்த பெரிய சோதனை பாமியான். 2001 மார்ச்சில் தலிபான்கள் ஆப்கானிஸ்தானின் இரண்டு பெரிய புத்தர் சிலைகளைத் தகர்த்தார்கள். பெரிய சிலை 50 மீற்றருக்கும் மேல் உயரம். சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் அதைக் கணினியில் எழுப்ப முனைந்தபோது மூன்று வகைப் படங்கள் கையில் இருந்தன: இணையத்தில் கிடந்தவை, சுற்றுலாப் பயணிகள் எடுத்தவை, ஒஸ்திரியப் பேராசிரியர் கோஸ்ட்கா 1970இல் அளவைக் கமராவால் எடுத்த சில. நல்ல மாதிரி அந்தச் சிலவற்றில் இருந்துதான் வந்தது. அப்போதும், கணினி தானாகப் பொருத்தியபோது புத்தரின் ஆடை மடிப்புகள் மழுங்கிப்போயின. மனிதர்கள் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் கையால் குறித்த பிறகே மடிப்புகள் திரும்பின. இயந்திரம் எல்லாம் செய்துவிடும் என்பவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

கிரானில் பாழடைந்த ஒரு ஓட்டு வீட்டைக் கைத்தொலைபேசியால் எடுத்துப் பார்த்தோம். திண்ணைத் தூணில் காரை உதிர்ந்த இடத்தில் செங்கற்களை எண்ணலாம்போல வந்தது. பக்கத்தில் வெள்ளையடித்த சுவரோ பெரிய ஓட்டை. வெறும் வெள்ளையில் கணினி பிடித்துக்கொள்ள ஒரு கறைகூட இல்லை. யன்னல் கண்ணாடி குழிந்து கிடந்தது, காற்றில் ஆடிய தென்னோலை கந்தலாகிவிட்டது. மப்பான வானம் இதற்கு நல்லது, கடும் நிழல் விழாது. ஆனால் மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்விடும். அந்தப் பக்கத்துக் கட்டடமென்றால் தோணியில் போய்த்தான் எடுக்கவேண்டும்!

செய்முறை கடினமில்லை. ஒரே இடத்தில் நின்று கமராவைத் திருப்பாதீர்கள். நகர்ந்து நகர்ந்து கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். முதற் படத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் அடுத்ததிலும் இருக்கவேண்டும். வாசற்கதவின் அகலத்தை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் கணினிக்கு அது வீடா தீப்பெட்டியா என்று தெரியாது. மெஷ்ரூம், கோல்மாப் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

எங்கள் பெரிய குறை, எல்லாரும் முகப்பையே எடுப்பது. 2004 சுனாமியில் சாய்ந்த கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தைப் பாருங்கள். போகிறவர் எல்லாரும் சாய்வு நன்றாகத் தெரிகிற பக்கமாகவே நின்று எடுக்கிறார்கள். படம் எத்தனை குவிந்தாலும் ஒரு பக்கம்தான் எழும். மடைப்பள்ளிச் சுவர், தீர்த்தத் தொட்டி, தாவாரம், தண்ணீர் வடிகிற பீலி ஆகியவற்றை எடுப்பார் இல்லை.

எடுக்காத பக்கத்தை என்ன செய்வது? சில மென்பொருள்கள் அதை வழுவழுவென்று ஊகித்து நிரப்பிவிடும். பார்க்க அழகுதான், ஆனால் அது பொய்ச்சாட்சி. ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும். நிரப்பியே ஆகவேண்டுமென்றால் வேறு நிறத்தில் காட்டட்டும். மூலஸ்தானத்தைப் படமெடுக்க விடாத கோயில்களில், மாதிரியிலும் அந்த இடம் இருட்டாக இருப்பதுதான் சரி.

இன்னொன்று. மாதிரியைவிட மூலப் படங்களே பெறுமதியானவை. 1970இல் எடுத்த படம் முப்பது வருடத்துக்குப் பிறகு வந்த கணினிக்குப் பயன்பட்டது. இன்றைய படத்தில் இருந்து நாளைய மென்பொருள் இன்னும் நுணுக்கமாக எழுப்பும். அதனால் வட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்கிவிடாமல், எடுத்த கோப்பை எடுத்தபடியே, திகதியும் இடமும் எழுதி, ஒரு பிரதி ஆலய நிர்வாகத்திடமும் இன்னொன்று வெள்ளம் ஏறாத ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.