உருமாறும் படங்கள்

1980களில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த திருமணமொன்று வீ.எச்.எஸ். நாடாவிலே பதிவாகியிருக்கிறது எனக் கொள்ளலாம். மணமக்கள் இன்று கனடாவிலே பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். அன்று பந்தலில் நின்று வாழ்த்திய முதியோர் பலர் இன்று இல்லை. அவர்களுடைய நடையையும் சிரிப்பையும் குரலையும் காத்து வைத்திருப்பது அந்த ஒரு நாடாவே. அதனைக் கணினியில் ஏற்றி, வேண்டாதவற்றை வெட்டி, செம்மைப்படுத்தி, பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க விழைகின்றார் குடும்பத்தில் ஒருவர். வேலை முடிந்து படத்தை ஓடவிட்டால், மணமகளின் கை அசையுமிடமெல்லாம் சீப்பின் பற்கள் போலக் கோடுகள் தோன்றுகின்றன. நாதசுரம் வாசிப்பவரின் விரல்கள் ஒரு வழியே செல்ல, இசை வேறு வழியே செல்கிறது. முகங்களோ ஒடுங்கி நீண்டு காணப்படுகின்றன.

இத்தகைய வேளையில் மென்பொருளைக் குறை கூறுதல் எளிது. ஆயினும், பெரும்பாலான பிழைகள் அதன் குற்றமல்ல. படம் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறியாது அதனை வேறோர் உருவுக்கு மாற்ற முற்படுவதே அவற்றின் காரணம். நோயின் முதலை அறியாது மருந்து கொடுக்கும் வைத்தியனைப் போன்றதே அம்முயற்சி.

முதற்கண் அறியவேண்டியது பெட்டி வேறு, பெட்டியினுள் இருக்கும் பொருள் வேறு என்பதாகும். எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்பன பெட்டிகளின் பெயர்கள். எச்.264, எச்.265 என்பன அப்பெட்டிகளினுள் படம் எழுதப்பட்டிருக்கும் முறைகள். ஒரே வகைப் பெட்டியினுள் வெவ்வேறு முறையில் எழுதிய படங்கள் இருத்தல் கூடும். ஆதலின், ஒரு கோப்புத் திறக்கவில்லையெனின் அதன் பெயரின் ஈற்றை நோக்கி முடிவு செய்தல் ஆகாது. பெட்டி மட்டுமே ஒவ்வாதிருப்பின், உள்ளிருப்பதைத் தொடாது வேறு பெட்டிக்கு மாற்றிவிடலாம். 2000ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவசக் கருவி அப்பணியை மிக விரைவிற் செய்துவிடும். படத்தின் தரம் அணுவளவும் குறையாது. இதனை அறியாதார் படம் முழுவதையும் மீண்டும் எழுதுவித்து, நேரத்தையும் இழந்து, தெளிவையும் இழக்கின்றனர்.

மீண்டும் எழுதுதலால் தெளிவு குறைவதேன்? ஒரு கணக்கு இதனை விளக்கும். 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள் உள. புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் எனின், ஒரு படத்துக்கு 62 இலட்சம் பைட்டுக்கு மேலாகும். வினாடிக்கு 25 படம் வீதம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 560 கிகாபைட் வேண்டும். இத்தனையையும் வைத்திருத்தல் அரிது. ஆகவே, இடையிடையே ஒரு முழுப்படத்தை எழுதி, ஏனையவற்றுக்கு மாற்றங்களை மாத்திரம் எழுதுகின்றனர். கண் உணராத நுட்பங்கள் விடப்படுகின்றன. விடப்பட்டது மீளாது. ஒரு படியிலிருந்து மறுபடி, அதிலிருந்து இன்னொரு படி என எடுக்குந்தோறும் இழப்புப் பெருகும்.

செம்மைப்படுத்தும்போது கணினி திணறுவதற்கும் இதுவே காரணம். நடுவிலுள்ள ஒரு படத்தைக் காட்டவேண்டின், அதற்கு முன்னுள்ள முழுப்படத்தைத் தேடி, அதிலிருந்து மாற்றங்களைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே எழுதும் பிரோரெஸ் போன்ற முறைக்கு முதலில் மாற்றிக்கொண்டால், கோப்புப் பெரிதாகுமேனும் வேலை இலகுவாகும்.

வெட்டியும் ஒட்டியும் முடித்தபின், அனைத்தையும் ஒரே படமாக வார்த்தெடுக்கும் பணியே ரெண்டரிங் எனப்படும். அது இடைவழியில் நின்றுவிடுதல் பலர் கண்ட தொல்லை. முதலில் வட்டில் இடம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். கோப்பு 4 கிகாபைட்டை எட்டியதும் நின்றதாயின், எழுதப்படும் வட்டு ஃபாட் 32 முறையில் அமைந்ததா என ஆராய்க. அம்முறை அதனிலும் பெரிய கோப்பை ஏற்காது. இவ்விரண்டும் இல்லையெனின், படத்தை இரு பாதியாக்கி ஒவ்வொன்றையும் தனியே வார்த்துப் பார்க்கவேண்டும். எப்பாதி நிற்கிறதோ அதனை மீண்டும் பாதியாக்குக. இவ்வாறு ஒரு மணி நேரப் படத்தை ஆறு முறை பகுத்தால், பிழையுள்ள இடம் ஒரு நிமிடத்துக்குள் அகப்படும். அங்கே பழுதுற்ற ஒரு துண்டோ, கணினியின் ஆற்றலுக்கு மிஞ்சிய ஓர் அலங்காரமோ இருக்கக் காணலாம்.

இனி, மணமகளின் கையிலே தோன்றிய கோடுகளை நோக்குவோர் தொலைக்காட்சியின் வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று. இலங்கையில் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலே தொடங்கியது. இங்கே வழங்கிய பால் முறையில் வினாடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் ஒற்றைக் கோடுகள் ஒரு பாதியாகவும் இரட்டைக் கோடுகள் மறு பாதியாகவும் இரு தடவையில் வரையப்படும். ஆகவே, வினாடிக்கு 50 அரைப்படங்கள். ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் இடையிலே கை நகர்ந்துவிடுகிறது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலே இது தோன்றாது. இரு பாதியையும் ஒருங்கே காட்டும் கணினியிலே பற்களாகத் தோன்றும். இப்பாதிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிரப்பி, வினாடிக்கு 50 முழுப்படங்களாக்கினால் அசைவு இயல்பாகும். ஆயின், இதனைச் செய்யுமுன் படத்தைப் பெரிதாக்கலாகாது. பெரிதாக்கினால் ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் கலந்துவிடும். கலந்த பாலையும் நீரையும் பிரிப்பார் எவர்?

கனடாவிலே வழங்கிய என்.ரி.எஸ்.சி. முறையோ வேறு. 1953ஆம் ஆண்டிலே வர்ணத் தொலைக்காட்சிக்கென வகுத்த விதிப்படி அங்கு வினாடிக்கு 30 படம் என்பது 29.97 ஆகக் குறைக்கப்பட்டது. கனடாவிற் பார்ப்பதற்கென 25 படத்தை அவ்வெண்ணிக்கைக்கு உயர்த்துவோர், ஏறத்தாழ ஐந்து படத்துக்கு ஒன்றை இரட்டிக்கின்றனர். அதனால் நடப்பவர் இடறி நடப்பதுபோலத் தோன்றும். இன்றைய கணினிகள் எந்த வேகத்தையும் ஏற்பன. ஆதலின், மாற்றாதிருத்தலே அங்கு மருந்து.

ஒலி பிறழ்வதற்குக் காரணம் பலவாகும். நாடாவிலிருந்து ஏற்றும்போது கணினி சில படங்களைத் தவறவிடின், ஒலி பின்தங்கும். 29.97 என்பதை 30 எனக் கொண்டால் மணிக்கு 3.6 வினாடி பிசகும். கைப்பேசியில் எடுத்த படங்களோ பலவேளை சீரான வேகத்தில் அமையாதன. அவற்றைச் செம்மைப்படுத்துமுன் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிறழ்வு தொடக்கம் முதல் ஒரே அளவாயின், ஒலியை நகர்த்தினால் போதும். செல்லச் செல்ல வளருமாயின், வேகக் கணக்கிலேயே பிழை என்று துணியலாம்.

முகங்கள் ஒடுங்குவதன் காரணம் எளியது. பால் நாடாவிலிருந்து ஏற்றிய படம் பெரும்பாலும் 720 புள்ளி அகலமும் 576 புள்ளி உயரமும் உடையது. அதன் புள்ளிகள் சதுரமானவை அல்ல. நாலுக்கு மூன்று என்னும் வடிவத்திலே விரித்துக் காட்டுமாறு மென்பொருளுக்கு உணர்த்தினால் முகங்கள் தம் இயல்பை அடையும். நிறம் வெளிறியிருப்பின் அளவை நோக்குக. தொலைக்காட்சி, கருமைக்கு 16, வெண்மைக்கு 235 எனக் கொள்ளும். கணினியோ 0 முதல் 255 வரை கொள்ளும். ஒன்றை மற்றதாக எண்ணினால் கருமை சாம்பலாகும். மாறாக எண்ணினாலோ, கூந்தலின் நிழலும் சேலையின் சரிகையும் மறையும்.

இவையனைத்துக்கும் பொதுவான விதிகள் மூன்று. ஏற்றிய மூலக்கோப்பை என்றும் அழியாது, இரண்டு இடங்களிலே வைத்திருத்தல். முழுப்படத்தையும் வார்ப்பதற்குமுன் அசைவு மிகுந்த ஒரு நிமிடத்தை வார்த்துப் பார்த்தல். முடிந்தபின் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்றிடத்தும் ஒலியையும் உதட்டசைவையும் ஒப்பிடுதல்.

மென்பொருள் ஆண்டுதோறும் புதிதாகும். ஆயின், வீ.எச்.எஸ். நாடாவோ காந்தத்தன்மை குன்றி முதுமையடைகிறது. நாடாவை ஓட்டும் இயந்திரங்களின் உற்பத்தி 2016ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இருக்கும் இயந்திரங்களும் ஒவ்வொன்றாய்ப் பழுதாகின்றன. வெட்டலில் நேர்ந்த பிழையை மறுநாள் திருத்தலாம். மூலக்கோப்பு இருக்கும்வரை பத்து ஆண்டின் பின்னும் திருத்தலாம். ஏற்றப்படாமலே மறைந்துபோன குரலைத் திருத்த வழியில்லை. ஆகையால், அலுமாரியின் அடியிலே நாடாவை வைத்திருப்போர் முதலில் அதனைக் கணினியில் ஏற்றிவிடுதல் வேண்டும். அழகுபடுத்தல் பின்னர் ஆகட்டும்.