இடாப்பில் உள்ள பெயர்



வைத்தியர் பேச வந்தால் நீரிழிவைப் பற்றித்தான் சொல்லுவார் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது கேட்டது. பயப்பட வேண்டாம். நாம் இன்று பேசப்போவது பெல்ஜியத்திலிருந்து கப்பலேறிப்போன பெண்களைப் பற்றி.

எமது வகுப்புத் தோழி ஒருத்தி அன்ட்வேர்ப் நகரில் இருக்கிறாள். நாங்கள் நால்வர் அவளிடம் போயிருந்தபோது, துறைமுகத்தடியில் உள்ள ரெட் ஸ்டார் லைன் நூதனசாலைக்குக் கூட்டிப்போனாள். 1934 வரை அந்தக் கம்பனியின் கப்பல்கள் ஏறத்தாழ 20 இலட்சம் பேரை அமெரிக்கக் கரைக்கு ஏற்றிச் சென்றன. ஏழைப் பயணிகளைக் குளிக்க வைத்து, உடுப்புகளைக் கிருமி நீக்கி, கண்ணிமையைப் புரட்டித் திரக்கோமா உண்டா என்று பார்த்த கட்டடம் அதுதான். நோயோடு போய் இறங்குபவரைக் கம்பனி தன் செலவிலேயே திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதனால்தான் இவ்வளவு கரிசனை!

அந்தப் பயணிகளில் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பியர். பெல்ஜியர் அதற்கு முன்னரே போகத் தொடங்கிவிட்டனர். 1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. வீட்டிலிருந்து நூல் நூற்று, லினன் நெய்த குடும்பங்களை இயந்திரம் வீழ்த்தியது. 1853இல் பிராபன்ட் பகுதியிலிருந்து சில வலோன் குடும்பங்கள் விஸ்கொன்சின் காட்டுக்குப் போயின. பின்னால் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். 1871 ஒக்ரோபர் 8இல் பெருந்தீ அவர்களது மரவீடுகளை விழுங்கியது. செங்கல்லால் திரும்பக் கட்டினார்கள். பிரசெல்ஸ், நமூர் என்ற ஊர்ப்பெயர்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

எமது தோழி ஓய்வுநேரத்தில், அமெரிக்காவிலிருந்து பூட்டியைத் தேடி வருபவர்களுக்குப் பழைய பதிவுகளை வாசித்துக் கொடுக்கிறாள். அன்ட்வேர்ப்பில் கப்பலேறியோரின் பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. 1855ஆம் ஆண்டினது தப்பியிருக்கிறது. ஆனால் 1846 முதல் ஒவ்வொரு ஊரிலும் குடிசனப் பதிவேடு உண்டு. யார் எப்போது ஊரைவிட்டார், எங்கே போனார் என்பதற்கு அதில் ஒரு நிரல். ஊர்ப்பெயர் சரியாகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதிலும் லியேஜ் என்பதும் லைக் என்பதும் ஒரே நகரம்தான், மொழிக்கொரு பெயர்.

எம்மை நிறுத்தியது வேறொன்று. 1794ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம் ஒன்றின்படி, பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எவரும் வைத்துக்கொள்ள முடியாது. அந்தச் சட்டம் பெல்ஜியத்துக்கும் வந்தது. ஆகவே அங்கே ஒரு பெண்ணின் திருமணப் பதிவிலும் மரணப் பதிவிலும் இருப்பது அவள் பிறந்த பெயரே. அதே பெண் கடல் கடந்ததும் 'திருமதி இன்னார்' ஆகிறாள். 1922 வரை அமெரிக்காவில் கணவனின் குடியுரிமைதான் மனைவிக்கும். அவளுக்கெனத் தனிப்பத்திரம் பெரும்பாலும் இல்லை. பெல்ஜியத்தில் கிடைக்கும் பூட்டி, போய்ச்சேர்ந்த நாட்டில் கிடைக்கமாட்டாள்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நாங்கள் அதிகம் பேசவில்லை. நால்வருக்கும் ஒரே நினைவு. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு எமது வகுப்பு சிதறியது. இடாப்பில் முப்பத்தாறு பேர். 'விலகிய திகதி' என்ற நிரலில் பாதிக்கு மேல் வெறுமை. ஒருத்தியை மூன்று வருடம் தேடினோம். அவள் எமது சங்கத்தின் வெளிநாட்டுக் கிளையிலேயே இருந்தாள், கணவரின் பெயரில்! நாமே இரண்டு தடவை அவளுக்கு வாழ்த்துமடல் அனுப்பியிருக்கிறோம், யாரென்று தெரியாமல்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அங்கத்துவப் படிவத்தில், வகுப்பில் 'பிரசன்னம்' சொன்ன பெயரையும் எழுதுங்கள். சேர்ந்த ஆண்டையும் சொந்த ஊரையும் சேர்த்து எழுதுங்கள். எமது வகுப்பில் இன்னும் ஏழு பேரைக் காணோம். அவர்களின் பெயர்களை, இடாப்பில் இருந்தவாறே, மண்டப வாசலில் ஒட்டியிருக்கிறோம். தேநீருக்குப் போகும்போது ஒருதரம் பாருங்கள். யாராவது ஒருத்தியைத் தெரிந்தால் எங்களைக் கூப்பிடுங்கள்.