ஊர்ப்பெயரும் அயலெழுத்தும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை மதுரைச் சந்திப்பில் நின்றிருந்தேன். திண்டுக்கல் வழியே செல்லும் வண்டி புறப்படும் நேரம். வெளிநாட்டார் ஒருவர் விரைந்து வந்து, "இது ஷொலவாண்டன் போகுமா?" என்று ஆங்கிலத்தில் வினவினார். அப்படி ஓர் ஊரே இவ்வழியில் இல்லை என்று உறுதியாகக் கூறினேன். வண்டி போய்விட்டது. பிறகுதான் அவர் தம் கையிலிருந்த தாளைக் காட்டினார். சோழவந்தான்! நான் பிறந்த ஊர். என் நாணத்தை என்னென்பது? அடுத்த வண்டி வரும்வரை அவருடன் அமர்ந்திருப்பதே முறை என்று அமர்ந்தேன்.

பிழை அவருடையதன்று. தாளில் இருந்த எழுத்துக்களை அவர் தம் மொழி வழக்கப்படி படித்தார். ஆங்கிலத்தில் அகரத்திற்கும் ஆகாரத்திற்கும் 'ஏ' என்னும் ஒரே எழுத்து. ஆகவே குறில் எது, நெடில் எது என்று அவர் அறியார். 'வந்தான்' என்பதில் வரும் தகரத்தை 'டி' என்னும் எழுத்தால் எழுதுகிறோம்; அவருக்கு அது டகரமாகவே ஒலிக்கும். சரி, 'எச்' ஒன்றைச் சேர்த்து எழுதுவோம் என்றால், தஞ்சாவூரின் முதலெழுத்தை, நாக்கைப் பல்லிடையே நீட்டி, காற்றை ஊதி ஒலிக்கிறார்கள்.

இன்னொரு விந்தை. சோழர் என்னும் அரசமரபை ஆங்கிலத்தில் எழுதும்போது 'சி-எச்' என்று தொடங்குகிறோம். சோழவந்தானை 'எஸ்-எச்' என்று தொடங்குகிறோம். சோழன் வந்ததால் அவ்வூர் அப்பெயர் பெற்றது என்பது எங்கள் ஊரார் கூறும் கதை. கதை மெய்யோ பொய்யோ, ஆங்கிலத்தில் மட்டும் படிக்கும் மாணவனுக்கு அரசனும் ஊரும் உறவற்றுப் போயினர்.

மதுரைக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? கி. பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி என்னும் புவிநூலார் அதை 'மொதூரா' என்று குறித்தார். ஈற்று ஐகாரம் அன்றே போயிற்று! 1868-இல் நெல்சன் என்னும் ஆங்கில அதிகாரி இம்மாவட்டத்தைப் பற்றி எழுதிய பெருநூலின் தலைப்பிலும் 'மதுரா' என்றே உள்ளது. ஜாவாவுக்கு அருகிலுள்ள தீவொன்றும் மதுராதான். விடுதலைக்குப் பின் ஐகாரம் மீண்டது. ஆயினும் ஓர் ஆலையின் பெயரில் 'மதுரா' இன்றும் நிற்கிறது. திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாப்பொலி' ஆனதும் திருநெல்வேலி 'டின்னவெல்லி' ஆனதும் நீங்கள் அறிந்தவையே.

எல்லாவற்றிற்கும் வெள்ளையரையே நோவது நேர்மையாகாது. அழகர் கோயிலின் ழகரத்தை அவர்கள் 'எல்' கொண்டு எழுதினார்கள். மதுரைத் தெருவில் நின்று கேளுங்கள்: 'அளகர் கோயில்' என்பதே காதில் விழும். பக்கத்துச் சிற்றூர்களில் மதுரையே 'மருதை' ஆகிறது. கேட்டவன் கேட்டதைத்தானே எழுதுவான்!

திருத்தவும் முயன்றோம். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. நோக்கம் நன்று. ஆனால் வேலூரின் ஏகாரத்துக்கு 'இ' என்னும் ஆங்கில எழுத்தை இரட்டித்தார்கள். ஆங்கிலம் பயின்றவர் அதை 'வீலூர்' என்றல்லவா படிப்பர்? கண்டனங்கள் எழவே, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஜப்பானியருக்கும் இத்தொல்லை உண்டு. அவர்தம் ஃபூஜி மலையை ரோமன் எழுத்தில் எழுத இரு முறைகள் இருந்தன. அரசு 1954-இல் அறிவித்த முறைப்படி எழுதினால் அயலார் அதை 'ஹூசி' என்று படிப்பர். உலகெங்கும் வழங்கியதோ மற்ற முறை. எழுத்து யாருக்காக, உள்ளூராருக்கா வந்தவருக்கா என்பதை முதலில் முடிவு செய்யாவிடில் இத்தகைய குழப்பமே மிஞ்சும். பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கும்போது ஆங்கில எழுத்து வந்தவருக்கே உரியது என்பது என் கருத்து.

அந்தப் பயணியை மறந்துவிட்டேனே! தேநீர் விற்கும் முதியவர் ஒருவர் எங்கள் உரையாடலைக் கேட்டு, "ஐயா, சோளவந்தான்னு சொல்லச் சொல்லுங்க" என்றார். பயணி இருமுறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை எங்கள் ஊரில் பிறந்தவர் போலவே சொன்னார். அது ளகரமன்று, ழகரம் என்று திருத்த நான் வாயெடுத்தேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது.