வினாவும் விடையும்

 

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, புகைவண்டித் துறையில் எழுத்தராய்க் காலந்தள்ளுபவன் நான். ஆங்கிலத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். பட்டம் தந்த தகுதியன்று. பட்ட அடி தந்த தகுதியே எனக்குண்டு.

வேலையிற் சேர்ந்த புதிதில் ஒரு பெட்டியின் சாவி காணாமற்போயிற்று. மேலதிகாரி என்னை அழைத்து, "டிட்ன்ட் யூ ரிசீவ் த கீ?" என்றார். சாவியை நீ பெற்றுக்கொள்ளவில்லையா என்பது பொருள். "யெஸ், சார்" என்றேன். 'ஆமாம் ஐயா, பெறவில்லை' என்பது என் கருத்து. அவரோ, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக்கொண்டார். நான் கையெழுத்திடும் முன்னர் மூத்த எழுத்தர் ஒருவர் அதனைப் படித்துப் பார்த்துத் தடுத்திராவிடில், செய்யாத குற்றம் என் தலைமேல் ஏறியிருக்கும்.

பிழை எங்கே நேர்ந்தது? "வரவில்லையா?" என்றால், "ஆமாம், வரவில்லை" என்று கேட்டவர் கருத்தை ஒப்புக்கொள்வது நம் வழக்கு. சப்பானியரும் அவ்வாறே கூறுவர். ஆங்கிலமோ நிகழ்ந்த செயலையே நோக்கும். செயல் நடந்ததாயின் 'யெஸ்', நடவாததாயின் 'நோ'. எதிர்மறை வினாவிற்கு விடையாகவே அவ்விரு சொற்களும் முன்னாளில் தனித்து நின்றன. உடன்பாட்டு வினாவிற்கு 'யே', 'நே' என வேறு சொற்கள் இருந்தன. அவ்வேறுபாட்டைக் காக்க வேண்டுமென்று 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் மோர் வாதிட்டார். ஆங்கிலேயருக்கே குழப்பம் தந்த இடத்தில் நாம் இடறியது வியப்பன்று.

வண்டியிலே ஒருவர், "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்பார். 'நான் இங்கே அமர்வதில் உமக்கு ஆட்சேபம் உண்டா?' என்பது அது. இடங்கொடுக்க விரும்பி 'யெஸ்' என்றால், 'உட்காராதே' என்று சொன்னதாக முடியும்! "வாட் ஆர் யூ டூயிங்?" என்பது இப்போது செய்வதைக் கேட்பது, "வாட் டூ யூ டூ?" என்பது பிழைப்புக்குரிய தொழிலைக் கேட்பது. "ஹௌ ஆர் யூ?" நலம் வினவுவது, "ஹௌ டூ யூ டூ?" முதற் சந்திப்பில் உரைக்கும் முகமன். அதற்கு அதனையே திருப்பிச் சொல்வது மரபு.

வினாவின் சொல்லோடு கேட்பவர் உள்ளத்தையும் காண வேண்டும் என்பது நமக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறு வகுத்தார். "குழந்தைக்குச் சட்டை இல்லையோ?" என்று கொடுக்க எண்ணிக் கேட்பது கொடைவினா. "பாடம் படித்தாயா?" என்று தந்தை கேட்பது பெரும்பாலும் ஏவல்வினா!

1956இல் எல்லை வகுத்தபோது கல்குளம், விளவங்கோடு முதலிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலம் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆதலின் பெருங்கடவிளையிலும் பாறசாலையிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், வேலைத் தேர்வில் ஆங்கிலம். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: நேர்காணலிலோ விசாரணையிலோ 'யெஸ்', 'நோ' என ஒரு சொல்லோடு நில்லாதீர். "நோ, ஐ டிட் நாட்" என்று முழு வாக்கியமாய் விடையிறுங்கள். புரியாவிடின் மீண்டும் கேளுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்தே கையெழுத்திடுங்கள். மீண்டும் கேட்பது இழுக்கன்று. கேளாமல் தலையசைப்பதே இழுக்கு.